வாயிலுக்கு வெளியே ஒரு மூட்டை

கதிரவன் கீழைக் குன்றின் தோளேறி, எரிந்து கருகிய மதில்களைத் தன் இளஞ்செந்நிறக் கைகளால் தடவிக் கொடுக்க, ஐம்பது ஆண்டு முள்ளும் நெருஞ்சியும் குடியிருந்த தெருக்களில் கூடாரங்கள் காளான்போல் முளைத்து நிற்க, புறாக்கள் மட்டுமே பேசிக்கொண்டிருந்த இடிபாடுகளில் உளியோசை எழத் தொடங்கிய அந்தக் காலையை, படிக்கின்ற பெரியீர், மனத்தில் நிறுத்துங்கள். வாளேந்திய வேற்றரசனால் வாரிக்கொண்டு போகப்பட்ட யூதக் குடிகள், பின்வந்த அரசன் ‘போங்கள்’ என்றதால் மீண்டு வந்து, இடிந்த இறையில்லத்துக்கு மறுபடியும் அடிக்கல் நாட்டும் நாள் அது. மீண்டு வந்தார்கள் என்று எழுத இரண்டே சொல் போதும். நடந்த கால்களைக் கேட்டால்தான் மீதி தெரியும்.

கூட்டத்தின் கடைசியில், காய்ந்த மரம்போல் நெடிது வளைந்து, முதுகில் ஒரு மூட்டையோடு நகரவாயிலை நோக்கி வந்தான் முதிய கல்தச்சன். நான்கு திங்கள் நடைவழியில் அம்மூட்டையை எவர் கையிலும் கொடாதவன். கழுதையின் முதுகையும் நம்பாதவன். கேட்டவர்க்கெல்லாம் ‘உளி’ என்ற ஒற்றைச் சொல்லை எறிந்தவன். மகன் கல் தூக்க முன்னரே உள்ளே போய்விட, மருமகள் உடன் வந்தாள்.

“உளியைக் கட்டிப்பிடிச்சுத் தூங்குற ஆளை இப்பத்தான் பாக்குறேன் மாமா. அத்தை இருந்திருந்தா, சக்களத்தின்னு சண்டைக்கு வந்திருப்பாங்க.”

“வாயை மூடிக்கிட்டு வா.”

வாயிற்காவலன் முகமலர்ந்தான். “கல்தச்சரா? நல்ல நேரத்துல வந்தீங்க பெரியவரே. உள்ள உளி பத்தலையாம். மூட்டையை அவுருங்க.”

“என் உளியை எவனுக்கும் குடுக்கிறதில்ல.”

“குடுக்க வேணாம். காட்டுங்க, போதும்.”

கிழவன் மூட்டையை வெடுக்கென்று பின்னிழுத்த விசையில் பழந்துணி கிழிந்து, சங்குபோல் வெளுத்த எலும்பொன்று புழுதியில் விழுந்தது. காவலன் சூடுபட்டவன்போல் துள்ளி விலகினான்.

அது கிழவனின் மனைவி. பழைய இறையில்லம் எரிக்கப்படுமுன் அதன் படிகளில் சிறுமியாய் நின்று பாட்டுக் கேட்டவள். அயல்நாட்டு ஆற்றங்கரையில், சாகும்போது, “அந்தப் பாட்டை இன்னொரு தடவை கேக்கணும், என்னை இங்க விட்டுட்டுப் போயிடாதீங்க” என்று கையைப் பற்றியவள். வாக்குக் கொடுத்தவன், புறப்பட்ட அன்று அவளைத் தோண்டி எடுத்து, உளிகளை அக்குழியில் போட்டு மூடிவிட்டு வந்தான்.

“செத்தவங்களைத் தொட்டா ஏழு நாள் தீட்டு. உள்ள வரக்கூடாது,” என்றான் காவலன் மெல்ல. “உங்களுக்குத் தெரியாததா?”

“அடிக்கல் போடுறப்ப அந்தப் பாட்டைப் பாடுறது இன்னைக்குத்தான்டா! ஏழு நாள் கழிச்சு உங்கப்பனா வந்து பாடுவான்?”

“சட்டம், பெரியவரே.”

எவரிடமும் எதையும் கேட்டறியாத அந்த முரட்டு மனிதன், வேர் அறுந்த மரம் சாய்வதுபோல் முழந்தாளிட்டான். “அவ யாரையும் தொடமாட்டா தம்பி. ஒரு ஓரமா இருப்பா. ஒரே ஒரு பாட்டு.”

காவலனின் கண்கள் நிறைந்தன; குறுக்கே நீட்டிய ஈட்டி மட்டும் அசையவில்லை. உள்ளே கொம்புகள் முழங்கின.

காவலன் மருமகளிடம் திரும்பினான். “நீ இதைத் தொட்டதில்லையேம்மா? நீ போ. உன் வீட்டுக்காரர் தேடுவார்.”

அவள் பார்த்தாள். தொலைவில், கற்குவியலின்மேல் நின்று கணவன் கையசைத்தான். அயலார் மண்ணில் பிறந்து, இந்த ஒரு நாளுக்காகவே பாதம் வெடிக்க நடந்தவள் அவள். பிறகு குனிந்து, அவ்வெலும்பை எடுத்து, ஆடை நுனியால் புழுதி துடைத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

“தள்ளி உக்காருங்க மாமா. இங்க இருந்தாலும் அத்தைக்குக் கேக்கும்.”

பாட்டு எழுந்தது. பழைய இல்லத்தைக் கண்டிருந்த முதியோர் ஓலமிட்டு அழ, காணாத இளையோர் களித்து ஆர்ப்பரிக்க, இரண்டும் ஒரே பேரிரைச்சலாகி மதில் கடந்து வந்தபோது, அழுகை எது, ஆர்ப்பு எது என்று பிரித்தறிய எவராலும் இயலவில்லை. கிழவனின் அழுகையும் அதில் கரைந்தது.

ஐந்தரை நூற்றாண்டுக்குப் பின், அந்நகரின் மதிலுக்கு வெளியேதான் ஒருவர் சிலுவையில் தொங்கினார். உள்ளே நுழைந்தோர்க்கு வீடு திரும்புதல் அன்றே முடிந்திருக்கலாம். வெளியே நின்றோர்க்கு, ஒருவர் வாயில் கடந்து வந்து தம்மோடு தீட்டுப்படும்வரை அது முடியவில்லை என்பதே அவரை நம்புவோரின் நம்பிக்கை. கிழவன் இதையெல்லாம் அறியான். தான் வாக்குத் தவறிவிட்டதை அறிந்தான். அவ்வெலும்பின்மேல் இருந்த இரு கைகளில் ஒன்று தன்னுடையதன்று, மருமகளுடையது என்றும் அறிந்தான்.