அக்கா கடைக்கு வைத்த பூட்டு

அந்த நாலு மாடிக் கட்டடத்தை மூட வேண்டும் என்று அறிக்கை எழுதியபோது ஆய்வாளர் ஒரு வரியைக்கூட அடித்துத் திருத்தவில்லை. தீயணைப்புத் துறையிலேயே தலை நரைத்தவர் அவர். கண்டுபிடித்து எழுத அங்கே ஒன்றும் இல்லை. எல்லாம் கண்ணெதிரே கிடந்தது. கீழ்த்தளத்து மெத்தைக் கடைக்காரர் பின்பக்கப் படிக்கட்டைக் கிடங்காக்கி, ஸ்பாஞ்சு உருளைகளைக் கூரை முட்ட அடுக்கியிருந்தார். அவசரக் கதவில் சங்கிலி போட்டுப் பூட்டியிருந்தது. இரண்டு முறை நோட்டீஸ் கொடுத்ததற்குக் கட்டடக்காரர் செய்தது ஒன்றே ஒன்றுதான். தீயணைப்புக் குழாய்களுக்குப் பளபளவென்று சிவப்பு பெயிண்ட் அடித்தார். திருகிப் பார்த்தால் காற்றுகூட வரவில்லை.

ஆய்வாளரை உறுத்தியது வேறொன்று. மூன்றாவது மாடியில் இருந்த தையல் கடை அவருடைய சொந்த அக்காவுடையது.

அவரை இடுப்பில் தூக்கி வளர்த்த அக்கா. அத்தான் பக்கவாதம் வந்து படுத்த பிறகு, ஒற்றை மெஷினோடு உட்கார்ந்தவள், இன்று வரிசையாகப் பெண்கள் தைக்கும் கடையாக அதைக் கொண்டுவந்திருந்தாள். பள்ளிக்கூடம் திறக்கப் போகிற நேரம். சீருடைத் துணி ஆள் உயரத்துக்குக் குவிந்து கிடந்தது. அவர் போய் விஷயத்தைச் சொன்னபோது அக்கா சட்டைப் பொத்தானுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தாள்.

“ஸ்கூல் திறக்கற வரைக்கும் தள்ளிப் போடுடா. அப்புறம் நானே சாவியக் கொண்டுவந்து உன் கையில தரேன்.”

“தள்ளிப் போட முடியாதுக்கா. கீழ ஒரு பொறி விழுந்தா உன் பொண்ணுங்க ஒருத்தியும் இறங்க முடியாது.”

“இத்தனை வருஷம் விழலையே.”

“இனிமேலும் விழாதுன்னு உன்னால எழுதிக் கொடுக்க முடியுமா?”

“விழும்னு உன்னால எழுதிக் கொடுக்க முடிஞ்சுதுல்ல,” என்ற அக்கா, நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

சீல் வைத்த அன்று மெஷின்களை ஒவ்வொன்றாக முன்படி வழியாக இறக்கித் தெருவோரம் வைத்தார்கள். கட்டடக்காரர் வந்து பக்கத்தில் நின்றார். “உங்க அக்கா மேல இருக்கற வரைக்கும் இங்க பூட்டு விழாதுன்னு நெனச்சிருந்தேன் சார். நீங்க வேற மாதிரி ஆளு,” என்றார். புகழ்கிறாரா குத்துகிறாரா என்று ஆய்வாளருக்குப் புரியவில்லை. பொத்தான் தைக்கும் பெண் ஒருத்தி அவரிடம் வந்து, “சார், திங்கக்கிழமை வேலைக்கு வரலாமா?” என்று கேட்டாள். சொல்லி அனுப்புவார்கள் என்றார். யார் சொல்லி அனுப்புவார்கள் என்று அவருக்கே தெரியாது.

படிக்கட்டைக் காலி செய்து, குழாய்க்குத் தண்ணீர் ஏற்றும் பம்பை ஓடவைத்து, சங்கிலியைக் கழற்றினால் போதும். சீக்கிரமே திறந்துவிடலாம் என்று அவர் மனதார நம்பினார். அக்காவிடமும் அதையே சொல்லியிருந்தார். ஆனால் கட்டடக்காரர் ஒரு துரும்பைக்கூட நகர்த்தவில்லை. வாடகைக்காரர்களைக் காலி செய்யச் சொல்லி மல்லுக்கு நிற்காமலே கட்டடம் காலியாகிவிட்டது. அவருக்கு அது யோகமாகப் போயிற்று. இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டப் போவதாகப் பேச்சு வந்தது. சீருடை ஆர்டர் கைமாறிப் போனது. அக்கா தம்பியோடு பேசுவதை நிறுத்தினாள்.

அவள் வேறு இடம் பார்த்துவிட்டாள் என்பதை மனைவி சொல்லித்தான் தெரிந்துகொண்டார். ஊரின் மறுகோடியில், சந்தைக்குப் பின்னால். தேடிப் போனார்.

பெயிண்ட் கடை ஒன்றுக்கு அடியில் இருந்த நிலவறை அது. ஒரு காலத்தில் வண்டி நிறுத்தியிருப்பார்கள் போல. இறங்கும்போதே தின்னர் வாடை மூக்கில் ஏறியது. ஆள் நுழைகிற அகலத்தில் ஒரே படி, அதிலும் பாதியை அடைத்துத் துணி மூட்டைகள். கூரையோரம் இருந்த ஒரு ஜன்னலுக்குக் கம்பி போட்டு வலையும் அடித்திருந்தது. மெஷின்கள் எல்லாவற்றுக்கும் ஒரே பிளக்கில் இருந்து ஒயர் போனது. பழைய பெண்களில் பாதிப் பேர் அங்கே இருந்தார்கள். பொத்தான் தைப்பவள் அவரைப் பார்த்ததும் எழுந்து நின்றாள்.

“இங்கயும் பூட்டு கொண்டுவந்திருக்கியா?” என்றாள் அக்கா, மெஷினை நிறுத்தாமல்.

“இது என் ஏரியா இல்லக்கா.”

“நல்லதாப் போச்சு.”

“அக்கா, இங்க ஏதாவது ஆச்சுன்னா…”

“தெரியும்டா. எனக்குக் கண்ணு அவிஞ்சா போச்சு?” இப்போது மெஷின் நின்றது. “எங்க கையில இருக்கற காசுக்கு இந்த இடம்தான் கிடைக்குது. வெளிச்சமா, ரெண்டு படி வெச்ச இடமா ஒண்ணக் காட்டு, இன்னைக்கே வரேன். காட்ட முடியலன்னா கிளம்பு. வேலை கெடுது.”

அவரிடம் காட்ட இடம் இல்லை. படியேறி வந்துவிட்டார்.

வெளியே சந்தைச் சுவரோரம் நின்று அந்தப் பகுதி ஆய்வாளருக்குப் போன் போட்டார். ஒரு காலத்தில் இவருக்குக் கீழ் வேலை பழகியவர். தெருவின் பெயரைச் சொன்னதுமே அந்த மனிதர் சலிப்பாகச் சிரித்தார். “அந்தத் தெருவா அண்ணே? ஒண்ண மூடுனா அடுத்ததுல போய் உட்காருவாங்க. நீங்க ஏதாவது கட்டடத்தப் பார்த்து வெச்சிருந்தா சொல்லுங்க, நாளைக்கே மூடிடறேன்.”

கதவு எண் அவர் நாக்கு நுனியில் இருந்தது. பெயிண்ட் கடைப் பலகை எதிரிலேயே தெரிந்தது. மூடினால் அக்கா இதைவிடக் கீழே எங்கே போவாள்? மூடாவிட்டால்? அதற்கு மேல் யோசிக்க அவருக்குத் தெம்பு இல்லை.

“ஒண்ணுமில்லப்பா. சும்மாதான் கேட்டேன்,” என்று வைத்துவிட்டார்.

அதன் பிறகு வேலையில் அவருக்குப் பழைய குரல் எழவில்லை. அடைத்த படிக்கட்டைக் கண்டால் எழுதத்தான் செய்தார். எழுதும்போதெல்லாம், இங்கிருந்து கிளம்புகிறவர்கள் எந்தப் பொந்தில் போய் இறங்குவார்களோ என்று பேனா நின்று நின்று போயிற்று.

தினமும் கடை சாத்துகிற வேளைக்கு அக்காவுக்குப் போன் போட ஆரம்பித்தார். அவள் ஒரு நாளும் பேசியதில்லை. நாலைந்து மணி அடிக்கவிட்டுத் துண்டிப்பாள். துண்டித்தால் அன்றைக்கும் அவள் பத்திரமாகப் படியேறி வந்துவிட்டாள் என்று அர்த்தம். அதன் பிறகுதான் அவருக்குச் சோறு இறங்கும்.