விக்ரமுக்கு வாங்கிய லேப்டாப்

தட்டில் இட்லி ஆறிப்போயிருந்தது. மனோகரன் ஒரு கையில் செல்போனைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கை விரலால் திரையை மேலும் கீழும் தள்ளிக்கொண்டிருந்தார். திரையில் இரண்டு லேப்டாப்புகள் பக்கத்துப் பக்கத்தில் நின்றன. இரண்டும் கறுப்பு. விலையும் ஏறக்குறைய ஒன்றுதான். ஒன்றில் பிராசசர் புத்தம் புதியது, கிராபிக்ஸ் மெமரி நாலு ஜிபி. இன்னொன்றில் பிராசசர் போன வருடத்தது, கிராபிக்ஸ் மெமரி எட்டு. எதை முடிவு செய்தாலும் மற்றதுதான் நல்லதோ என்று தோன்றியது.

ஆவடி ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் அவர் சார்ஜ்மேன், அதாவது பட்டறை மேற்பார்வையாளர். தப்பான அளவில் ஒரு துளை போட்டால் முழு வார்ப்பும் வீண் என்று பழகிய மனிதர். மகன் விக்ரம் கம்ப்யூட்டர் சயின்ஸில் முதல் வருடம் சேர்ந்திருந்தான். அவனுக்கு வாங்கும் லேப்டாப் நாலு வருடம் தாங்க வேண்டும். தப்பானதை வாங்கிவிட்டால் பையன் படிப்பே சறுக்கிவிடும் என்ற பயம் அவரைத் தூங்கவிடவில்லை. மகள் சௌம்யா கட்டடக்கலைப் படிப்பில் சேர்ந்தபோது அவர் இப்படியெல்லாம் பதறியதில்லை. கூட வேலை பார்க்கும் ஒருவர் பழைய லேப்டாப்பைக் கொடுத்துவிடப் போவதாகச் சொன்னார். இவர் அதை வாங்கி மேலே துடைத்துக் கொடுத்தார். அவ்வளவுதான்.

"ஏம்மா சௌம்யா, இதுல பிராசசர் பேருக்குப் பின்னாடி எச்னு போட்டிருக்கு, அதுல யூன்னு போட்டிருக்கு. என்ன வித்தியாசம்?"

தலை பின்னிக்கொண்டிருந்த சௌம்யா எட்டிப் பார்த்தாள். "யூன்னா கரண்ட் கம்மியா இழுக்கும்ப்பா, சார்ஜ் நிக்கும். கனமான வேலைக்கு எச்தான் சரி."

"இந்த கிராபிக்ஸ் மெமரி? அதான் பதினாறு ஜிபி ராம் இருக்கே, அது போதாதா?"

"ராம் வேறப்பா. இது படம் போடுறதுக்குன்னே தனியா இருக்கிற இடம். போடுற படம் பெருசா இருந்து அதுல அடங்கலன்னா பாதியில நின்னுடும். அதுவரைக்கும் பண்ணினதும் போயிடும். நாலு பத்தாதுப்பா. எட்டு இருக்கிறதை எடுங்க. பிராசசர் ஒரு வருஷம் பழசா இருந்தா ஒண்ணும் ஆயிடாது."

உள்ளறையிலிருந்து விக்ரம் குரல் கொடுத்தான். "ஆமாப்பா, எட்டுதான். நாலுல எந்த கேமும்..." கொஞ்சம் நிறுத்தினான். "எந்த ப்ராஜெக்ட்டும் ஓடாது."

மனோகரனுக்கு நெஞ்சில் இருந்த பாரம் கொஞ்சம் இறங்கியது. இவ்வளவு விவரம் இவளுக்கு எப்படித் தெரிந்தது என்று அவர் யோசிக்கவில்லை. ஒரு வருடமாகத் தனக்காக அவள் அதே பக்கங்களைத் திறந்து திறந்து பார்த்து மூடியிருக்கிறாள் என்பது வீட்டில் யாருக்கும் தெரியாது.

"அப்பா, என்னோடது காலையிலேர்ந்து ஆன் ஆகவே..." என்று அவள் ஆரம்பித்தாள்.

"சாயந்திரம் பாக்கலாம்மா. ஞாயித்துக்கிழமை, கடையில கூட்டம் ரொம்பிடும்" என்று அவர் எழுந்து கை கழுவப் போய்விட்டார்.

பூந்தமல்லியில் மெட்ரோ வேலைக்காகச் சாலையைப் பாதி அடைத்திருந்தார்கள். தகரத் தடுப்புகளுக்கு இடையில் பைக்கை நுழைத்து, பஸ்களின் புகையைக் குடித்து, அப்பாவும் மகனும் கடைக்குப் போய்ச் சேர்ந்தார்கள். கடைக்குள் பாட்டுச் சத்தம் காதைப் பிளந்தது. கழுத்தில் அடையாள அட்டை தொங்கிய விற்பனையாளன் சிரித்தபடி வந்தான்.

"தம்பிக்கா சார்? என்ன படிக்கிறாரு?"

"கம்ப்யூட்டர் சயின்ஸ். எட்டு ஜிபி கிராபிக்ஸ் மெமரியோட வேணும்" என்றார் மனோகரன், பாடம் ஒப்பிப்பவரைப் போல.

"அவ்ளோ தேவைப்படாதே சார். ப்ரோகிராம் எழுதுறதுக்கு சாதாரண மாடலே தாராளமா போதும். பில்டிங் டிசைன், 3டி அந்த மாதிரி பண்றவங்க வீட்ல யாராச்சும் இருந்தா இதை எடுக்கலாம். இல்லன்னா கேம் ஆடுறவங்க எடுப்பாங்க."

விக்ரம் அவனை முறைத்தான். "அப்பா, ரெண்டாவது வருஷம் ஏ.ஐ. எல்லாம் வரும். அப்ப வேணும்."

பில்டிங் டிசைன் என்ற வார்த்தை மனோகரனின் காதில் விழுந்து, அங்கேயே ஒரு கணம் நின்றது. சரியாக அப்போது சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. சௌம்யா. இந்தச் சத்தத்தில் என்ன பேசுவது என்று அழைப்பைத் துண்டித்தார். மறுபடி அதிர்ந்தது. மறுபடியும் துண்டித்தார். "எட்டு ஜிபியே போடுப்பா" என்று வங்கி அட்டையை நீட்டினார். நல்லதைத்தான் வாங்கினோம் என்று தனக்குள் சொல்லிக்கொண்டாலும், திரும்பும் வழியெல்லாம் எதையோ மறந்துவிட்டு வந்தவரைப் போல மனசு குறுகுறுத்தது.

பொழுது சாயும் நேரத்தில் அவர்கள் திரும்பியபோது, குவார்ட்டர்ஸ் வாசலிலேயே மனைவி வசந்தகுமாரி நின்றிருந்தாள். மழை தூற ஆரம்பித்திருந்தது.

"சௌம்யா உங்களுக்கு போன் பண்ணினாளா?"

"பண்ணினா. கடையில இருந்தேன். ஏன்?"

"நாளைக்கு அவளுக்கு ஜூரிங்க. வெளியிலேர்ந்து வாத்தியாருங்க வந்து படத்தையெல்லாம் பாத்து மார்க் போடுவாங்களாம். காட்டலன்னா இந்த செமஸ்டரே போயிடுமாம். அந்த லேப்டாப் காலையில செத்துப்போச்சு. உக்காந்து அழுதா. அப்புறம் பையைத் தூக்கிக்கிட்டுக் கிளம்பிட்டா. எங்கேன்னு கேட்டா லைப்ரரின்னா. ஞாயித்துக்கிழமை எந்த லைப்ரரிங்க இந்நேரம் வரைக்கும்?"

மனோகரன் மகளை அழைத்தார். அணைத்து வைக்கப்பட்டுள்ளது என்று ஒரு பெண் குரல் சொன்னது. திரும்பவும் அதே குரல். அழுதுவிட்டுப் போனவள், மழை, அணைந்த போன் என்று மூன்றையும் சேர்த்துப் பார்க்கக்கூட அவருக்குத் தைரியம் வரவில்லை. விக்ரம் மட்டும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனான்.

சௌம்யாவின் வகுப்புத் தோழி நிஷாவின் எண் வசந்தகுமாரியிடம் இருந்தது. நிஷா முதலில் தயங்கினாள். மனோகரன் குரலில் இருந்த பதற்றத்தைக் கேட்டதும் சொல்லிவிட்டாள். "அவ மண்ணூர்பேட்டைல இருப்பா அங்கிள். ஃப்ளெக்ஸ் பேனர் அடிக்கிற கடை. தினமும் சாயந்திரம் அங்கதானே போறா. உங்களுக்குத் தெரியாதா?"

தெரியாது. திருமுல்லைவாயிலைத் தாண்டி, அம்பத்தூர் ஓ.டி.யைத் தாண்டி, ஹெல்மெட் கண்ணாடியில் வழியும் தண்ணீரைத் துடைத்துத் துடைத்து ஓட்டியபோது அந்த ஒரு கேள்வி அவரைப் பிராண்டியது. தினமும் என்றால் எத்தனை நாளாக? பேனர் கடையில் இவளுக்கு என்ன வேலை? யாருடைய கடை அது? பெண்ணைப் பெற்றவர்களுக்கு வரும் கெட்ட எண்ணங்கள் எல்லாம் அவருக்கும் வந்தன. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஷிப்ட் விட்டுக் கும்பலாக வந்த ஆட்களுக்கு நடுவே பைக்கை நிறுத்தி, மூன்று பேரிடம் வழி கேட்டு, கடைசியில் ஒரு சந்து முனையில் அந்தக் கடையைக் கண்டுபிடித்தார்.

உள்ளே மையின் காட்டம் மூக்கைத் துளைத்தது. பெரிய எந்திரம் ஒன்று ஒரு காதணி விழா பேனரைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே தள்ளிக்கொண்டிருந்தது. மூலையில், கம்ப்யூட்டருக்கு முன்னால் ஒரு ஸ்டூலில் சௌம்யா உட்கார்ந்திருந்தாள். துப்பட்டாவின் நுனி மழையில் நனைந்திருந்தது. அவள் பத்திரமாக இருக்கிறாள் என்று கண்ட பிறகுதான் மனோகரனுக்கு மூச்சு வந்தது.

"வா சார், இன்னா வோணும்? பேனரா?" என்று கேட்டபடி வந்தான் கடைக்காரன் முகமது ஆசிக்.

"நான் சௌம்யாவோட அப்பா."

ஆசிக் அவரை மேலும் கீழும் பார்த்தான். நல்ல சட்டை, கைக்கடிகாரம், வெளியே நிற்கும் புது பைக். அவன் முகத்தில் குழப்பம் தெரிந்தது. "தப்பா எட்துக்காத சார். நான் ஊட்ல ரொம்ப கஷ்டம்னு நென்ச்சிகினு கீறேன். ஒரு லேப்டாப்புக்கு வழியில்லாத ஊட்டுப் புள்ளனு. அதான், எனக்கு ரெண்டு பேனர் டிசைன் பண்ணிக் குடும்மா, அப்பால நம்ம மெஷின்ல உன் வேலையப் பாத்துக்கோன்னு சொன்னேன். பொங்கல்லேர்ந்து வந்துகினு கீது. என் சம்சாரமும் கடைலதான் இருக்கும் சார், பயப்படாத."

மனோகரன் மகளின் பக்கம் நகர்ந்தார். திரையில் மகள் வரைந்த கட்டடம் இருந்தது. பிரசவ ஆஸ்பத்திரி. வராந்தாவில் வெயில் விழுந்து, தூண்களின் நிழல் தரையில் சாய்ந்து, மெல்ல மெல்லப் படம் முழுமையாகிக்கொண்டிருந்தது. இவ்வளவு பெரிய ஒன்றைத் தன் மகள் வரைவாள் என்று அவர் நினைத்துப் பார்த்ததே இல்லை.

"போன் ஏம்மா எடுக்கல?"

"சார்ஜ் போயிடுச்சுப்பா. திட்டாதீங்க. இன்னும் மூணு படம்தான் பாக்கி, முடிச்சிட்டு வந்துடறேன்."

அதற்குள் நனைந்த சட்டையோடு இரண்டு பேர் உள்ளே வந்தார்கள். தெருவில் ஒரு சாவு. கண்ணீர் அஞ்சலி பேனர் உடனே வேண்டும். ஆசிக் சங்கடத்தோடு சௌம்யாவைப் பார்த்தான். "இன்னும் எவ்ளோ நேரம் ஆவும் தாயி?"

அவள் உருவாகிக்கொண்டிருந்த படத்தைப் பாதியில் நிறுத்தினாள். பென் டிரைவைக் கழற்றிக்கொண்டு ஸ்டூலை விட்டு எழுந்தாள். முகம் வெளிறியிருந்தது. ஆனால் அந்த எழுந்த விதத்தில் ஒரு பழக்கம் இருந்தது. யாராவது வந்தால் இடத்தைக் கொடுத்துவிட வேண்டும் என்று அவள் எங்கோ கற்றிருந்தாள். எங்கே என்று மனோகரனுக்குப் புரிந்தது. தன் வீட்டில்தான்.

"மத்தியானம் எதுக்கும்மா கூப்பிட்ட?"

சௌம்யா தலையைக் குனிந்துகொண்டாள். "புதுசு வாங்கிட்டீங்களான்னு கேக்கத்தான். இன்னிக்கு ஒரு நாளைக்கு மட்டும் விக்ரம் அதைத் தருவானான்னு."

அவர் கடை வாசலுக்கு வந்து வீட்டுக்கு போன் போட்டார். மழைச் சத்தத்தில் அவர் குரல் உடைந்து கேட்டது. "விக்ரம், அந்த லேப்டாப்பை எடுத்துக்கிட்டு ஆட்டோ பிடிச்சு வா. நனையாம கொண்டு வா."

"அப்பா, இப்பதான் ஒரு டவுன்லோட் போட்டேன்..."

"நிறுத்திட்டு வாடா."

விக்ரம் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் வந்தான். ஆனால் பேனர் சுருள்களுக்கு நடுவே அக்கா நிற்பதைப் பார்த்ததும் அவனுக்கு ஏதோ உறுத்தியது. "தினமும் இங்கயா வர்ற?" என்று மெதுவாகக் கேட்டான். அவள் பென் டிரைவை அவனிடம் நீட்டினாள். ஆசிக்கின் மனைவி சுருள்களை ஒதுக்கி மேசையில் இடம் செய்து கொடுத்தாள். விக்ரமே உட்கார்ந்து, கடையின் இணையத்தில் அக்காவின் சாஃப்ட்வேரை இறக்கினான். அது இறங்கி முடியும்வரை அப்பாவும் பிள்ளைகளும் திரையில் நகரும் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் கரண்ட் ஒரு முறை கண் சிமிட்டியபோது மனோகரன் விளக்கை அண்ணாந்து பார்த்தார். பிறகு படம் உருவாக ஆரம்பித்தது. பழைய லேப்டாப்பில் ராத்திரி முழுக்க இழுக்கும் படம், எல்லோரும் ஆளுக்கு ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் வந்து நின்றது.

"இவ்ளோ நாள் இது இல்லாமயா பண்ணின?" என்றான் விக்ரம்.

மறுநாள் ஜூரியில் வந்தவர்கள் சௌம்யாவின் படிக்கட்டு குறுகல் என்றார்கள், கழிவறை இருக்கும் இடம் சரியில்லை என்றார்கள், வராந்தா நன்றாக இருக்கிறது என்றார்கள். அவள் தேறிவிட்டாள்.

மாலையில் மனோகரன் வேலையிலிருந்து வந்தபோது, லேப்டாப் விக்ரமின் மேசையில் இருந்தது. துடைத்து, சார்ஜரின் வயரை அழகாகச் சுற்றி, உறையில் போட்டு வைத்திருந்தாள் சௌம்யா. அவள் சமையலறையில் அம்மாவுக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள்.

அதைப் பார்த்தபோது, முந்தின நாள் மழையில் பட்ட பயத்தைவிட அதிகமாக அவருக்கு வலித்தது. லேப்டாப்பை எடுத்து வந்து அவள் பக்கத்தில் வைத்தார்.

"இதை ஏம்மா அங்க வச்ச?"

"ஒரு நாளைக்குத்தானேப்பா கேட்டேன். முடிஞ்சிடுச்சு."

"இது உன்னோடதும்மா."

விக்ரம் வாசற்படியில் வந்து நின்றான். "எனக்கு சாதாரண மாடல் போதும்ப்பா. கடைக்காரரும் அதான் சொன்னாரு." பிறகு சந்தேகத்தோடு கேட்டான். "ஆனா வாங்கித் தருவீங்கல்ல?"

"தருவேன்டா" என்றார் மனோகரன். வசந்தகுமாரி அடுப்பைச் சின்னதாக்கிவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். அவர் மகளைப் பார்த்துப் பேசினார். பேசுவது கஷ்டமாக இருந்தது, ஆனாலும் பேசினார்.

"ஆம்பளப் பிள்ளைக்குச் சமமா பொண்ணையும் படிக்க வைக்கிறேன்னு ஊரெல்லாம் பெருமை பேசிக்கிட்டிருந்தேன். காலேஜ்ல சேத்து விட்டதோட என் கடமை முடிஞ்சதுன்னு நெனச்சேன். புதுசெல்லாம் அவனுக்கு, பழசு போதும் உனக்குன்னு எங்கயும் நான் வாய்விட்டுச் சொன்னதில்ல. சொல்லாமலே செஞ்சிருக்கேன். என் வீட்டுப் பொண்ணுக்கு வசதி இல்லன்னு ஒரு கடைக்காரர் பரிதாபப்பட்டு இடம் குடுத்திருக்காரு. ஒரு மாசமா ரெண்டு மெஷினை வச்சு எது பெருசு, எது சின்னதுன்னு பாத்தேனே, வீட்ல இருக்கிற ரெண்டு பிள்ளைங்கள்ல யாருக்கு அது தேவைன்னு ஒரு நிமிஷம் பாக்கல. ஆணா பொண்ணான்னு பாத்துக் குடுக்கறது தப்பும்மா. யாருக்குத் தேவையோ அவங்களுக்குக் குடுக்கறதுதான் பெத்தவங்க வேலை."