பாறை என் பக்கம் இருந்தபோது

எங்கள் கரையில் குளிர்காலத்தில் யாரும் கை பிரேக் போடுவதில்லை. ஈரத்தோடு போட்டால் ராத்திரியில் உள்ளே உறைந்து, காலையில் சக்கரத்தை விடாமல் பிடித்துக்கொள்ளும். அதனால் முதல் கியரில் போட்டு வண்டியை நிறுத்திவிட்டு வீட்டுக்குள் போய்விடுவோம். கை பிரேக்கை இழுக்கிற ஆளைப் பார்த்தால், ஓஸ்லோவிலிருந்து விருந்தாளி வந்திருக்கிறார் என்று சிரித்துக்கொள்வோம். அக்டோபரில் விட்ட பழக்கம் ஏப்ரலில் திரும்பி வர வேண்டும். எங்கள் வீட்டில் அது வரவே இல்லை. போன வசந்தத்தில் வண்டியைச் சோதனைக்குக் கொண்டுபோனபோது, இந்தக் கை பிரேக் ஏதோ பேருக்கு வேலை செய்கிறது, அவ்வப்போது இழுத்து விடுங்கள், இல்லாவிட்டால் துருப்பிடித்துப் போய்விடும் என்று மெக்கானிக் எச்சரித்தார். நானும் என் புருஷன் ஒட்முண்டும் நல்ல பிள்ளைகள் மாதிரித் தலையை ஆட்டிவிட்டு வந்தோம். அதற்குப் பிறகு அதை நான் தொட்டதாக ஞாபகம் இல்லை.

அன்று டிசம்பர் இரண்டாவது சனிக்கிழமை. மலைகளுக்கு நடுவே உள்ளே நீண்டு கிடக்கும் கடலான எங்கள் ஃபியோர்டுக்கு அக்கரையில் இருக்கும் என் பெரியப்பா மகள் சோல்பியோர்க் வீட்டில், வருஷா வருஷம் கிறிஸ்துமஸுக்கு முன்னால் ஒரு விருந்து நடக்கும். உப்பில் ஊறிக் காய்ந்த ஆட்டு விலாவை மரக்குச்சிகளின் மேல் அடுக்கி மூன்று மணி நேரம் ஆவியில் வேகவைப்பாள். தொட்டுக்கொள்ள டர்னிப் மசியல் என் பொறுப்பு. ஐந்து கிலோ கிழங்கை வெண்ணெய் போட்டு மசித்து, சூடு ஆறாமலிருக்கப் பானையைக் கம்பளியில் சுற்றிப் பின் சீட்டில் வைத்திருந்தேன்.

மதியம் இரண்டு நாற்பதுக்குப் படகு. அதை விட்டால் இரண்டு மணி நேரம் கழித்துத்தான் அடுத்தது. வண்டிகளை ஏற்றிக்கொண்டு போகும் பெரிய படகு அது. ஒட்முண்ட் இரண்டு தடவை சவரம் செய்துகொண்டதில் தாமதமாகிவிட்டது. விலா எலும்புக்கு முன்னால் அழகு காட்டி என்ன ஆகப் போகிறது என்று நான் கணவாய் வரைக்கும் கரித்துக்கொட்டிக்கொண்டே ஓட்டினேன். அவன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பேசாமல் வந்தான். நாற்பது வருஷத்தில் அவன் கற்றுக்கொண்ட வித்தை அது.

வெளியே ஒரு டிகிரிதான் இருந்தது. மழையும் இல்லை, பனியும் இல்லை, இரண்டும் கலந்த சனியன் ஒன்று கண்ணாடியில் சொத்துச் சொத்தென்று விழுந்துகொண்டிருந்தது. உறைபனியைவிட இதற்குத்தான் நான் பயப்படுவேன். நல்ல பனி பெய்திருந்தால் சாலையோரம் ஆள் உயரத்துக்குக் குவிந்திருக்கும். வண்டி கைமீறினால் அதில் மூக்கைப் புதைத்து நிறுத்திவிடலாம். நான்கு நாள் மழை அந்தக் குவியலையெல்லாம் கரைத்துவிட்டிருந்தது. ஓரத்தில் வெறும் பாறையும், சாலை உறையாமலிருக்கத் தூவும் உப்பு கரைந்து ஓடும் ஒரு சின்னப் பள்ளமும்தான் மிச்சம்.

கணவாயிலிருந்து படகுத்துறைக்குச் சாலை மூன்று நீட்டமாக இறங்குகிறது. நடுவில் இரண்டு வளைவு. முதல் நீட்டத்தில் மலை வலது பக்கம், ஒட்முண்ட் உட்கார்ந்திருந்த பக்கம். வளைவில் திரும்பியதும் மலை இடது பக்கம், அதாவது ஸ்டீயரிங் இருக்கும் என் பக்கம் வந்துவிடும். அடுத்த வளைவுக்குப் பிறகு மறுபடியும் அவன் பக்கம். மலை இல்லாத பக்கத்தில் ஒரு தகரத் தடுப்பும், அதற்கு அப்பால் ஆழமும்தான். கடைசி நீட்டம் நேராகப் படகுத்துறையில் போய் முடிகிறது. படகு இல்லாத நேரத்தில் சாலையின் முடிவு தண்ணீர்.

முதல் நீட்டத்தின் பாதியில் பிரேக் மிதி மெத்தென்றிருந்தது. ஈரம்தான் என்று நினைத்தேன். இன்னொரு தடவை மிதித்தேன். இந்த முறை அது என் காலோடு கூடவே கீழே போய்த் தரையைத் தொட்டுவிட்டது. வண்டிக்கு அடியில் ஓடும் பிரேக் எண்ணெய்க் குழாயைச் சாலை உப்பு தின்றிருந்தது என்று பிறகு சொன்னார்கள். அந்த நொடியில் எனக்குத் தெரிந்ததெல்லாம் என் காலுக்குக் கீழே ஒன்றுமே இல்லை என்பதுதான்.

"பிரேக் பிடிக்கல," என்றேன்.

"விளையாடாத, குட்வெய்க்."

"மிதி தரையில கெடக்கு, நீயே பாரு."

அவன் குனிந்து பார்த்தான். பார்த்தவுடன் கை பிரேக்கை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தான். அது எந்த எதிர்ப்பும் இல்லாமல், ஆடுகிற பல்லைப் போல லேசாக மேலே வந்துவிட்டது. வண்டியில் ஒரு மாற்றமும் இல்லை. அவன் அதைக் கீழே விட்டு, மறுபடி இழுத்து, மறுபடி விட்டான்.

மூன்றாவது கியருக்கு மாற்றினேன். இன்ஜின் அலறியது. வேகம் கொஞ்சம் குறைந்தது. இரண்டாவதற்குத் தள்ளினால் கரகரவென்று அரைத்துக்கொண்டு உள்ளே போகவே மறுத்தது. திரும்ப மூன்றில் போட்டேன். மிதியை விடாமல் குத்திக்கொண்டே இருந்தேன். ஒன்றும் வரவில்லை. முதல் வளைவை எப்படித் திருப்பினேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. பின் சக்கரம் தடுப்புப் பக்கமாக வழுக்கியது, தகரத்தில் உரசியது, பிறகு வண்டி நேரானது. மசியல் பானை பின் சீட்டில் உருண்டது.

அடுத்ததை நான் நிதானமாகச் சொல்ல வேண்டும்.

இரண்டாவது நீட்டம். மலை என் பக்கம். ஈரமான கறுப்புப் பாறை, பெரிய முண்டு எதுவும் இல்லாமல் சுவர் மாதிரி நீளமாகப் போகிறது. வேகமானியில் நாற்பத்தைந்து. எதிரே வருகிற வண்டிகளின் தடத்தைக் குறுக்கே கடந்து அந்தப் பாறையில் பக்கவாட்டாகச் சாய்த்தால், உரசி உரசி வண்டி நின்றுவிடும். என் கதவு நசுங்கும். என் தோளோ இடுப்போ உடையலாம். செத்திருக்க மாட்டேன் என்றுதான் நினைக்கிறேன். அந்தத் தடம் காலியாகத்தான் இருந்தது. அதுவும் எனக்குத் தெரியும். இங்கே வாழ்கிற எவருக்கும் தெரியும். கீழே படகுத்துறையையும், அப்பமும் காப்பியும் விற்கிற ஒரு கடையையும் தவிர வேறு எதுவும் இல்லை. படகு வந்து வண்டிகளை இறக்கினால்தான் அந்தச் சாலையில் ஒருவர் ஏறி வர முடியும். படகோ இன்னும் நடுத் தண்ணீரில் விளக்குப் போட்டுக்கொண்டு வந்துகொண்டிருந்தது. தடுப்புக்கு மேலாக அதை என் கண்ணாலேயே பார்த்தேன்.

இதையெல்லாம் பிறகு யோசித்துக் கண்டுபிடித்தேன் என்று சொல்லத்தான் எனக்கும் ஆசை. இல்லை. அப்போதே தெரிந்தது. பாறையைப் பார்த்தேன், என் கதவைப் பார்த்தேன், கை ஸ்டீயரிங்கைக் கால் அங்குலம்கூடத் திருப்பவில்லை. பயம். அதற்கு வேறு பெயர் வைத்து அலங்கரிக்க மாட்டேன். பாறை என்னை நோக்கி வருவதை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. நீட்டம் முடிந்துவிட்டது.

இரண்டாவது வளைவில் சக்கரங்கள் பிடியை விட்டு, எப்படியோ மறுபடி பிடித்தன. அதன் பிறகு கீழே எல்லாம் தெரிந்தது. படகுக்குக் காத்திருக்கும் பத்துப் பதினொரு வண்டிகள். மஞ்சள் மழைக்கோட்டு போட்டுக்கொண்டு வரிசையின் நடுவில் நடக்கும் துறைக்காரர் யோஸ்டெய்ன். அப்பக் கடையிலிருந்து குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு சாலையைக் கடக்கும் ஒரு பெண். அவர்களுக்குப் பின்னால் இறங்குதளம், அதற்குப் பின்னால் கறுப்புத் தண்ணீர். வேகம் எழுபதைத் தொட்டது. ஹாரனில் கையை வைத்து அழுத்தினேன். அந்த மழையில் அவர்களுக்குக் கேட்டதோ இல்லையோ, யாரும் திரும்பவில்லை.

ஒட்முண்ட் அந்த வரிசையைப் பார்த்தான். பிறகு தன் ஜன்னலுக்கு வெளியே ஓடும் பாறையைப் பார்த்தான்.

"என் பக்கமா சாத்து," என்றான்.

"என்னால முடியாது."

"சாத்து, குட்வெய்க். கீழ ஆளுங்க நிக்கிறாங்க."

அவன் குரல் உயரவே இல்லை. பனியில் சிக்கிய வண்டியைப் பின்னால் எடுக்க வழி சொல்வானே, அதே குரல். முகத்தை என் பக்கம் திருப்பி, இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டான். நான் ஸ்டீயரிங்கை வலது பக்கம் திருப்பினேன். இந்தத் தடவை கை நன்றாகவே திரும்பியது.

முதலில் அவன் பக்கத்து வெளிக்கண்ணாடி போனது. பிறகு கதவு கிழிகிற சத்தம், நிற்கவே நிற்காத ஒரு சத்தம். தகரமும் கல்லும் அரைபட்டன, ஜன்னல் பொடியாக உள்ளே கொட்டியது. ஓரிடத்தில் பாறை வெளியே துருத்திக்கொண்டிருந்தது. அதில் மோதி வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது. கடைசி வண்டிக்கும் எங்களுக்கும் நாற்பது அடிகூட இல்லை.

என் பின்கழுத்தில் வெதுவெதுப்பாக ஏதோ வழிந்தது. அவனுடைய ரத்தம் என்று நினைத்தேன். அவனுடைய மூளை என்றுகூட நினைத்தேன். திரும்பிப் பார்க்கத் துணிவில்லாமல், நசுங்காத என் கதவின் பிடியைப் பற்றிக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். வெண்ணெய் வாசனை வந்த பிறகுதான் அது டர்னிப் மசியல் என்று புரிந்தது. கூரையில், இருக்கையில், அவன் முடியில் எல்லாம் அப்பிக்கிடந்தது. அவன் வெள்ளை வெளேரென்று இருந்தான். கதவு உள்ளே வந்து அவன் வலது காலை இருக்கையோடு சேர்த்து நசுக்கியிருந்தது. அவன் கத்தவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு மூச்சு விடுகிற சத்தம் மட்டும் கேட்டது. நான் அவன் பெயரைத் திரும்பத் திரும்பச் சொன்னேன். யோஸ்டெய்ன் ஓடி வந்து என்னை வெளியே இழுத்தபோதும் சொல்லிக்கொண்டே இருந்தேனாம்.

ஆம்புலன்ஸ் அக்கரையில் இருந்தது. நாங்கள் ஏற வேண்டிய படகு, காத்திருந்த ஒரு வண்டியைக்கூட ஏற்றாமல், வந்த வழியே திரும்பிப் போய் அதைக் கொண்டுவந்தது. அந்த நாற்பது நிமிஷமும் யாரோ கொடுத்த போர்வையில் சாலையில் உட்கார்ந்து, திறந்திருந்த என் கதவு வழியாக எட்டி அவன் விரலைப் பிடித்துக்கொண்டிருந்தேன். குழந்தை வண்டிக்காரப் பெண் எனக்குக் குடை பிடித்தாள்.

தொடை எலும்பு இரண்டு இடத்தில், இடுப்பு ஒரு இடத்தில், விலா மூன்று. பிழைத்துவிடுவார், ஆனால் கால் பழையபடி ஆகாது என்றார் மருத்துவர். எனக்கு ஒரு கீறல்கூட இல்லை.

மூன்றாம் நாள் நகரத்திலிருந்து ஒரு போலீஸ்காரர் வந்தார். சாலையை அளந்து பார்த்திருந்தார். மேலே இரண்டாவது நீட்டத்தில் வேகம் குறைவாக இருந்திருக்குமே, அங்கேயே பாறையில் சாய்க்க முயற்சி செய்யவில்லையா என்று கேட்டார். குற்றம் சாட்டிக் கேட்கவில்லை, படிவத்தில் ஒரு கட்டம் நிரப்பக் கேட்டார். எதிரே வண்டி வந்துவிடும் என்று பயந்தேன் என்றேன். எழுதிக்கொண்டு போனார். எங்கள் கரைக்காரராக இருந்தால் பேனாவை வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்திருப்பார்.

பார்க்க வந்தவர்களெல்லாம் ஆறுதல் சொன்னார்கள். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்றார் ஒருவர். ஆபத்துக்குப் பாவம் இல்லை என்றாள், டப்பாவில் விலா எலும்பு கொண்டுவந்த சோல்பியோர்க். அந்தப் பெண்ணையும் குழந்தையையும் காப்பாற்றியவள் என்று வட்டாரப் பத்திரிகையில் என் படம்கூட வந்தது. வந்தவர்களிடமெல்லாம் ஒட்முண்ட் ஒரே கதையைத்தான் சொன்னான். தான் சாத்தச் சொன்னதாகவும், நான் மறு பேச்சில்லாமல் சாத்தியதாகவும், அந்தத் துணிச்சல் வேறு யாருக்கும் வராது என்றும். ஒவ்வொரு தடவை அவன் சொல்லும்போதும் நான் எழுந்து போய் ஜன்னல் திரையைச் சரி செய்தேன்.

ஒன்பதாம் நாள் அறையில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் இருந்தோம். காலைத் தூக்கிக் கட்டியிருந்தார்கள். காப்பியை அவனால் தானே எடுக்க முடியாது. கோப்பையை நான் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"மேல, ரெண்டாவது நீட்டத்துல பாறை என் பக்கம் இருந்துச்சு."

"ம்."

"வேகமும் அப்ப கம்மி. எதிர வண்டி வந்துரும்னு பயந்ததா போலீஸ்கிட்ட சொன்னேன். பொய். படகு நடுத் தண்ணியில வர்றத நான் பார்த்தேன்."

"நானும் பார்த்தேன்," என்றான்.

கோப்பையை மேஜையில் வைத்தேன். என்னைத் திட்டுவான் என்று காத்திருந்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட இருந்தது.

"பார்த்திருந்தா அப்பவே சொல்லியிருக்கலாமே. ஏன் சொல்லல?"

அவன் தூக்கிக் கட்டியிருந்த காலைப் பார்த்தான்.

"சொன்னா நீ உன் பக்கம் சாத்தியிருப்ப," என்றான்.