ஊத்தமாட்டன்

"நாளைக்குக் காலையில ஆக்கள் வாறாங்க. அதுக்கு முதல் அந்தப் போத்தலெல்லாம் காலியாகணும், ஹிமாயா" என்றார் கலாநிதி அஸ்ஹர். எங்கள் ஆய்வுகூடத்தின் பணிப்பாளர். என் முதுமாணிப் பட்டத்துக்கு மேற்பார்வையாளரும் அவர்தான். ஆய்வேட்டில் அவர் கையெழுத்து விழாவிட்டால் நான் மூன்று வருடம் படித்த படிப்பு செல்லாக்காசு. இது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதனால் அவர் குரலை உயர்த்தவே இல்லை.

போத்தல்களில் இருந்தது பாதரசக் கழிவு. தண்ணீர் எவ்வளவு அழுக்கு என்று பார்க்கும் சோதனை ஒன்றுக்குப் பாதரச உப்பும் கந்தக அமிலமும் வேண்டும். ஊர் வாய்க்கால்களில் தண்ணீர் அள்ளி வந்து, அதில் இந்த நஞ்சைக் கலந்து, தண்ணீர் கெட்டுவிட்டதா என்று பார்த்து, பிறகு எல்லாவற்றையும் சிங்க்கில் ஊற்றிவிடுவோம். சிங்க்கின் கழிவுக் குழாய் பின்சுவர் வழியாக அதே வாய்க்காலுக்குப் போகிறது. வாய்க்கால் வயலுக்குப் போகிறது. இந்தக் கூத்துக்குப் பெயர் நீர்ப் பாதுகாப்பு ஆய்வு. இதைப் பாராட்டிவிட்டுப் போகத்தான் வெளிநாட்டு ஆட்கள் வருகிறார்கள்.

வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் றுஸ்தாவின் வீடு. மாதாமாதம் அவள் கிணற்றிலும் தண்ணீர் எடுப்போம். இடுப்பில் பிள்ளையை வைத்துக்கொண்டு வந்து நிற்பாள். "என்ட தண்ணி நல்லாத்தானே இரிக்கி, ராத்தா?" என்று கேட்பாள். கட்டுரை வெளிவரும்வரை முடிவை யாருக்கும் சொல்லக்கூடாது என்பது அஸ்ஹர் ஸேரின் கட்டளை. அவளுடைய தண்ணீரைப் பற்றி அவளுக்கே சொல்லக்கூடாதாம்! நாலைந்து மாதம் அவளிடம் மழுப்பிய பிறகு எனக்கு வெறுத்துப்போய்விட்டது. அன்றிலிருந்து ஒரு சொட்டுக் கழிவை நான் ஊற்றவில்லை. போத்தலில் சேர்த்து, மூடி, வெளியே பெயர் எழுதி வைத்தேன். சின்னக் குப்பிகளில், பத்தில் ஒரு பங்கு நஞ்சை வைத்து அதே சோதனையைச் செய்தும் காட்டினேன். இந்தக் கழிவை முறையாக எடுத்துப் போகிறவர்கள் கொழும்பில் இருக்கிறார்கள் என்றும் சொன்னேன். ஸேர் அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

"ஊத்தமாட்டன் ஸேர்" என்றேன்.

"அப்ப ஸைனுலாப்தீன் ஊத்துவார். நீங்க ஒங்கட தீசிஸக் கொண்டுபோய் வேற ஆர்ட்டயாவது காட்டுங்க" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

ஸைனுலாப்தீன் காக்கா எங்கள் மூத்த ஆய்வுகூட உதவியாளர்; அண்ணன் என்ற முறையில் எல்லோரும் அவரைக் காக்கா என்போம். தொழுகை தவறாதவர், ஈ எறும்புக்கும் தீங்கு நினைக்காத மனுசன். அப்படிப்பட்டவர் சிங்க்கின் இரண்டு பைப்பையும் முழுதாகத் திறந்துவிட்டு முதல் போத்தலை நிதானமாக ஊற்றிக்கொண்டிருந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"காக்கா, அது எங்க போகுதெண்டு தெரியாதா?"

"தெரியும் புள்ள. ஏன் பதறுறீங்க? நம்மட பள்ளி ஹவ்ளுவப் பாருங்க. அந்தளவு தண்ணி இரிந்தா நிறம், மணம், ருசி மாறாத வரைக்கும் அது சுத்தம்தான். வாய்க்கால்ல ஹவ்ளுவ விடக் கூடத் தண்ணி ஓடுது. நானும் போய்ப் போய்ப் பாக்கிறன், ஒண்டும் மாறல்ல."

தொழுகைக்கு முன் கைகால் கழுவி வுழூச் செய்யும் தொட்டிக்குச் சொன்ன சட்டத்தை இவர் பாதரசத்துக்குப் பிடித்துக்கொண்டிருந்தார். அதுவும் சாக்குக்கு அல்ல, மனதார நம்பி. அஸ்ஹர் ஸேருடையது தெரிந்தே செய்யும் அயோக்கியத்தனம். இவரிடம் எனக்கு எப்படிச் சண்டை பிடிப்பதென்றே விளங்கவில்லை.

கையுறையை மாட்டிக்கொண்டு ஒரு ஜக்கோடு பின்பக்கம் ஓடினேன். குழாய் வாய்க்காலில் விழும் இடத்தில் அள்ளிக்கொண்டு வந்து அவர் முன்னால் வைத்தேன்.

"நிறம் பாருங்க காக்கா."

தூக்கிப் பார்த்தார். "தெளிவா இரிக்கி."

"மணம்?"

"ஒண்டுமில்ல."

"அசர்த் தொழுகைக்குப் பாங்கு சொல்லிட்டாங்க. இந்தத் தண்ணியில வுழூச் செய்ங்க. வாயும் கொப்பளிங்க."

சிரித்தார். சிரித்துக்கொண்டே சட்டைக் கையை மடித்தார். தட்டிவிடத் தயாராக நான் பக்கத்தில் நின்றேன். ஜக்கைச் சரித்து உள்ளங்கைக்கு நேரே கொண்டு போனவர் அப்படியே நிறுத்தினார். சிரிப்புப் போய்விட்டது.

"என்னய ஏன் புள்ள இப்பிடிச் சோதிக்கிறீங்க?"

"அந்தச் சட்டம் மூத்திரம் மாதிரி நஜீசுக்குச் சொன்னது, காக்கா. பாதரசத்துக்கு ஆரு சொன்ன?"

காக்கா ஜக்கைச் சிங்க்குக்குக் கொண்டு போனார், ஊற்றாமல் திரும்பினார். ஜன்னலுக்குப் போனார். வெளியே வயலைப் பார்த்துவிட்டு அங்கிருந்தும் திரும்பினார். "இத நான் எங்க ஊத்துற?" என்று என்னைக் கேட்டார். வெறும் போத்தல் ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். அதில் ஊற்றி மூடியை இறுக்கிவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் தொழப் பள்ளிக்குப் போய்விட்டார். மிச்சப் போத்தல்களை அவர் என்ன செய்வார் என்று எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் காலை போத்தல்கள் வைத்த இடத்திலேயே இருந்தன. அஸ்ஹர் ஸேர் கழுத்துப் பட்டியெல்லாம் கட்டிக்கொண்டு வந்தார். போத்தல்களைக் கண்டதும் முகம் கறுத்தது.

"ஸைனுலாப்தீன்! ஏன் ஊத்தல்ல?"

"ஏலா ஸேர்" என்றார் காக்கா. அந்த வாயிலிருந்து முடியாது என்ற சொல் வந்து நாங்கள் யாரும் கேட்டதில்லை.

ஸேர் தானே ஒரு போத்தலை எடுத்து மூடியைத் திறந்தார்.

"கொஞ்சம் நில்லுங்க ஸேர்" என்றார் காக்கா பணிவாக. "சிங்க்குக்குக் கீழ குழாயக் கழட்டிட்டன். ஊத்தினா ஒங்கட சப்பாத்திலதான் விழும். அசிட் வேற."

ஸேர் குனிந்து பார்த்தார். சிங்க்குக்குக் கீழே வெறுமை. சுவரில் இருந்த துவாரத்தைச் சீமெந்து வைத்துப் பூசியிருந்தது.

"குழாய் எங்க?"

"என்ட ஊட்டுல இரிக்கி ஸேர்."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. அதற்குள் வாசலில் வேன் வந்து நின்றது. ஆட்கள் இறங்கி உள்ளே வந்துவிட்டார்கள். ஸேர் திறந்த போத்தலோடு நடுவில் நின்றார். வைக்கவும் முடியவில்லை, ஒளிக்கவும் முடியவில்லை. முன்னால் வந்த அம்மணி கைகொடுக்கப் போனவர், போத்தலைப் பார்த்துவிட்டு அது என்னவென்று ஆங்கிலத்தில் கேட்டார்.

ஸேர் என்னைப் பார்த்தார். முதல் தடவையாகக் கெஞ்சுகிற மாதிரி ஒரு பார்வை. சவர்க்காரத் தண்ணீர் என்று நான் சொன்னால் போதும், இன்றைக்கே என் ஆய்வேட்டில் கையெழுத்து விழும். எனக்குப் பயமாகத்தான் இருந்தது. உம்மா ஊரெல்லாம் என் பட்டத்தைப் பற்றிச் சொல்லித் திரிகிறா.

"பாதரசம்" என்று ஆங்கிலத்தில் சொன்னேன். "நேற்று வரைக்கும் இதை நாங்கள் இந்த வயலுக்குத்தான் ஊற்றினோம். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் றுஸ்தா என்று ஒருத்தி இருக்கிறாள். அவள் கிணற்றிலும் தண்ணீர் எடுக்கிறோம். முடிவை மட்டும் அவளுக்குச் சொல்வதில்லை."

"ஹிமாயா!" என்றார் ஸேர்.

பின்னால் நின்ற வயதான வெள்ளைக்காரருக்குச் சரியாகக் கேட்கவில்லைப் போலும், காதருகே கையை வைத்துக்கொண்டு முன்னால் வந்தார். அவருக்காக இன்னொரு தடவை சொன்னேன், இந்த முறை சத்தமாக.