மூடி இல்லாத பெட்டி

செந்தூர்பாண்டி அண்ணாச்சி கண்ணாடி மேசைமீது ரப்பர் விரிப்பைப் போட்டு, அதன்மேல் பச்சை நிற மதர்போர்டு ஒன்றை வைத்தார். திருநெல்வேலி ஜங்ஷனில், ஈரடுக்குப் பாலத்தின் ஓரத்தில் இருந்த அந்தக் கம்ப்யூட்டர் கடையின் பாதிவரை முற்பகல் வெயில் வந்து நின்றிருந்தது. அசன் முகம்மது நாற்காலியில் அமர்ந்திருந்தான். அவன் அண்ணன் மனைவி ஜுபைதா பீவி துப்பட்டியைத் தலைக்கு இழுத்துவிட்டபடி இரண்டடி பின்னால் நின்றாள். கம்ப்யூட்டர் அவளுக்கு. பேச்சு அவனோடு.

"படம், சத்தம் எல்லாம் இந்த போர்டுக்குள்ளயே இருக்கு தம்பி. தனியா ஒண்ணும் சொருக வேண்டாம். சின்னப் பெட்டிக்கு இதுதான் தோது."

"எங்க அண்ணன் சார்ஜாலருந்து குடுத்துவிட்ட, படம் காட்டுத கார்டு?"

"அதைச் சொருக இதுல எடமே கெடையாது. நல்ல கார்டுதான். கேக்குத ஆளுக்கு வித்துருவோம்."

அசன் சரியென்று தலையசைத்தான். அவன் கெட்டவன் அல்லன். அண்ணன் மனைவியின் காரியத்துக்காகத் தன் லுங்கிக் கடையை ஒரு பகல் சாத்திவிட்டு வந்தவன். ஒரு பொருள் மிச்சமாகிறது என்றுதான் அவன் நினைத்தான். எது போகிறது என்பது அவனுக்குத் தெரியாது.

அசனின் அண்ணன் அகமது மீரானை அவள் மணந்து ஐந்து ஆண்டுகள் ஆகியிருந்தன. அந்த ஐந்து ஆண்டுகளில் ஜுபைதா அவனோடு ஒரு கூரையின் கீழ் இருந்தது ஏழு மாதம். மீதிக்காலம் முழுவதும் கடிதம். மேலப்பாளையத்தில் அந்த வீட்டுக்குக் கடிதம் வந்தால் மாமியார் அனைவரையும் கூடத்துக்கு அழைப்பார். அசன் உறையைக் கிழித்து உரக்க வாசிப்பான். எல்லோரும் நலமா என்று தொடங்கி, எல்லோருக்கும் சலாம் என்று முடியும் அந்தக் கடிதங்களின் கடைசி வரியில், 'ஜுபைதாவும் சுகந்தானே' என்று ஒரு சொல் இருக்கும். வாசித்து முடிந்ததும் கடிதம் மாமியாரின் டிரங்குப் பெட்டிக்குள் போய்விடும். ஒலிநாடா வந்தாலும் அதே கூடம், அதே கூட்டம். மனைவிக்குக் கணவன் எழுதும் சொல் யாருடைய உடைமை? எழுதியவனுடையதா, எழுதப்பட்டவளுடையதா, உறையைக் கிழித்த கைக்குரியதா? அந்தத் தெருவில் இந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை. கடிதத்தைக் கூடிக் கேட்பதை அங்கே அன்பு என்றே அறிந்திருந்தார்கள். அது அன்புதான். அந்த அன்பில் இருவர் தனியே பேசிக்கொள்ள ஓர் அங்குல இடமும் இல்லை.

சென்ற மாதம் ஊருக்கு வந்த ஒருவர் கையில் மீரான் ஒரு பொதி கொடுத்துவிட்டிருந்தான். கூடத்தில் வைத்துப் பிரித்தார்கள். சோப்பும் அத்தரும் மாமியாருக்கு, சட்டைத்துணி அசனுக்கு. அட்டைப்பெட்டிக்குள் இருந்த கார்டைப் புரட்டிப் பார்த்த மாமியார், "இது என்னலே, ரேடியோவோட கொடலா?" என்றார். வீடே சிரித்தது. ஜுபைதாவுக்கு கம்ப்யூட்டர் வாங்கித்தரும்படி உடன்வந்த கடிதம் சொன்னது. கல்யாணத்துக்கு முன் ஆறு மாதம் அவள் அதைப் பயின்றவள். தையல் வகுப்புக்குக் கணக்கு எழுத உதவும் என்றதால் மாமியாரும் சம்மதித்தார்.

பெட்டியைத் தன் அறைக்கு எடுத்துச் சென்று முழுதாக விரித்தபோதுதான், உள்பக்க அட்டையில் பென்சிலால் எழுதியிருந்ததை ஜுபைதா கண்டாள். 'நான் ஒரு ஊர் கட்டுகிறேன். இது ஒரு விளையாட்டு. பிளாப்பியில் ஊர் இருக்கிறது. பாதியை உனக்கு விட்டிருக்கிறேன். நீ கட்டி, சார்ஜாவுக்கு வருகிறவர் கையில் கொடுத்துவிடு. பிறகு நான் கட்டுவேன். இந்தக் கார்டு இல்லாமல் ஊர் திறக்காது. இதைச் சொருகப் பழுப்பு நிற ஸ்லாட் உள்ள போர்டு கேள். புராசஸர் படுத்த மாதிரி இருக்கிற வகையாக இருக்கட்டும். பெட்டி சின்னதாக இருந்தால்தான் நம் அறைக்குள் நிற்கும். பெரிதென்றால் கூடத்துக்குப் போய்விடும்.'

பெட்டியின் அடியில் விளையாட்டின் குறுந்தகடும் பிளாப்பியும் இருந்தன. பிளாப்பியைச் சுற்றி ஒரு சிவப்பு நூல். அவள் அனுப்பிய நூல். சட்டைக்கும் வளையலுக்கும் நூல் பிடித்து அளவு அனுப்புவது அந்தத் தெருப் பெண்களின் வழக்கம். தையல் மேசை எவ்வளவு நீளம் என்று மீரான் ஒலிநாடாவில் கேட்டபோது, அவள் அப்படியே நூல் பிடித்து அறுத்துக் கடிதத்துக்குள் வைத்தாள். மாமியாரும் பார்த்தார். நூலில் ரகசியம் இருக்குமென்று யார் நினைப்பார்?

இப்போது கடையில் அந்தக் கார்டுக்கு விலை பேசிக்கொண்டிருந்தார்கள்.

"அண்ணாச்சி," என்றாள் ஜுபைதா. குரல் அவள் எதிர்பார்த்ததைவிட உரக்க வந்தது. "பழுப்பு ஸ்லாட் உள்ள போர்டு இருக்குமே, புராசஸர் படுத்தாப்ல வைக்கது. அது எடுங்க. கார்டு விக்கதுக்கு இல்ல."

அசன் திரும்பிப் பார்த்தான். செந்தூர்பாண்டி பச்சை போர்டை ஓரமாக நகர்த்தினார். பிறகு எழுந்து உள்ளே போய் வேறொரு பெட்டியோடு வந்தார். அதற்குமேல் அவர் அசனைப் பார்த்துப் பேசவில்லை. நினைவகம் எவ்வளவு, வன்தட்டு எது, இத்தனைக்கும் பவர் சப்ளை தாங்குமா என்று அவளும் அவரும் ஒவ்வொன்றாகப் பேசி முடித்தார்கள். மின்விசிறியின் உயரத்தைக்கூட அவள் கேட்டாள். படுக்கைவாட்டில் வைக்கும் சிறிய கேபினெட்டை எடுத்துவந்தபோது, தையல் மேசையில் அது அடங்குமா என்று, கைப்பையிலிருந்து சிவப்பு நூலை எடுத்து நீளம் பார்த்தாள். இம்மி பிசகவில்லை. போர்டு அமர்ந்தது. கார்டு ஸ்லாட்டில் இறங்கியது.

மூடி இறங்கவில்லை.

கார்டு விரலகலம் மேலே நின்றது. செந்தூர்பாண்டி அழுத்திப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார். மேலப்பாளையத்தில் அவள் மேசையின் நீளத்தை அளந்தாள். சார்ஜாவில் அவன் கார்டின் நீளத்தை அளந்தான். இருவர் கையிலும் ஒரே நூல்தான் இருந்தது. உயரத்தை இருவருமே அளக்கவில்லை.

நெட்டுக்குத்தாக நிற்கும் பெரிய கேபினெட் ஒன்று சுவரோரம் இருந்தது. செந்தூர்பாண்டி அதைக் காட்டினார். அசனுக்கு முகம் மலர்ந்தது. கூடத்தில் டி.வி. பக்கத்தில் வைத்தால் எல்லோரும் பார்க்கலாம் என்றான்.

ஜுபைதா திறந்து கிடந்த சிறிய பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மூடி வேண்டாம் அண்ணாச்சி. இப்படியே குடுங்க."

"தூசி அடையும்மா. பல்லி விழுந்தா போர்டே போயிரும். மூடிமேல வைக்குத மானிட்டர எங்கன வைப்பீங்க?"

"மேசைக்குப் பக்கத்துல என்னோட டிரங்குப் பெட்டி இருக்கு. கம்ப்யூட்டர நிறுத்துன பெறவு துணி போட்டு மூடிக்கிடுதேன்."

"எல்லாரும் எங்கிட்ட மூடி போட்டுத்தான் தாங்கம்பாங்க," என்று சொல்லிக்கொண்டே அவர் திருப்புளியை எடுத்தார்.

ஆட்டோவில் ஆற்றுப்பாலத்தைக் கடக்கும்போது அசன் மானிட்டரைத் தாங்கிப் பிடித்தபடி வந்தான். பாலம் முடிந்தபின், "ஒங்களுக்கு இவ்வளவு தெரியும்னு சொல்லவே இல்லியே மதினி," என்றான். அதில் கேலி இல்லை. அவள் மடியிலிருந்த பெட்டியை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

அறையில் கம்ப்யூட்டர் உயிர்பெற்றபோது பிற்பகல் தொழுகைக்கான அஸர் பாங்கு சொல்லி ஓய்ந்திருந்தது. அவள் நூலைக் கைப்பையிலிருந்து எடுத்துப் பெட்டியின் விளிம்பில் போட்டாள்; குறுந்தகட்டிலிருந்து விளையாட்டை ஏற்றிவிட்டு, பிளாப்பியை உள்ளே தள்ளினாள். திரையில் ஓர் ஆறு வந்தது. ஆற்றின் ஒரு கரையில் தெருக்கள், பள்ளிவாசல் மினாரா, கடைவீதி, நெருங்கி நெருங்கி வீடுகள். மறுகரை வெறும் நிலம். அங்கே ஒரே ஒரு வீடு. அதற்குப் பாதை இல்லை. ஆற்றின்மேல் பாலமும் இல்லை. அதுதான் அவளுக்கு விட்டுவைத்த பாதி என்று யாரும் சொல்லாமலே அவளுக்குத் தெரிந்தது.

கதவருகே நிழல் விழுந்தது. தொழுகை முடித்த மாமியார் வந்து கட்டிலின் ஓரத்தில் அமர்ந்தார்.

"கம்ப்யூட்டர்ல கடுதாசி வரும்னு அசன் சொன்னான். என்ன எழுதிருக்கான்? வாசி, கேப்போம்."

"இதுல எழுத்து இல்ல மாமி."

"பெறவு என்ன இருக்கு?"

"ஒரு ஊரு கட்டிருக்காங்க."

மாமியார் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு திரைக்கு அருகே குனிந்தார். நெடுநேரம் பார்த்தார். சுருக்கம் விழுந்த அந்த விரல் தெருத்தெருவாகப் போய், ஒவ்வொரு வீட்டின்மீதும் தயங்கியது. தன் பிள்ளை கட்டிய ஊருக்குள் அவர் வழி தேடிக்கொண்டிருந்தார்.

"இம்புட்டு வீடு கட்டிருக்கானே," என்றார் மெல்ல. "இதுல நம்ம வீடு எங்கன?"

ஜுபைதா மவுஸைப் பிடித்தாள். அம்புக்குறி கடைவீதியைத் தாண்டி, மினாராவைத் தாண்டி, ஆற்றோரம் வரை வந்து நின்றது. மாமியாரின் விரல் திரையருகே உயர்ந்தபடி காத்திருந்தது. மூடியில்லாத பெட்டிக்குள் மின்விசிறி சுழன்றுகொண்டிருந்தது. அதன் காற்றில் விளிம்பில் கிடந்த சிவப்பு நூலின் ஒரு முனை எழுந்தது, படிந்தது, மறுபடியும் எழுந்தது.