சுபஹுக்குப் பிறகு அள்ளிய தண்ணீர்

2023 ஓகஸ்ட் 12, சனிக்கிழமை. வவுனியா நெளுக்குளத்துக்கு அப்பால், கருங்காலிமோட்டைக் குடியிருப்பில் கிணறுள்ள ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் போத்தல் கொடுக்கப்பட்டது.

கொடுத்தவள் ஷிஹானா. பல்கலைக்கழகத்தில் நான்காம் வருடம், சுற்றாடல் விஞ்ஞானம் படிக்கிறாள். வீடு வீடாக ஏறி இறங்காமல், பெண்கள் குடிதண்ணீர் கொண்டுவரும் பவுசர் லொறிக்காகப் பள்ளிவாசல் சந்தியில் காத்து நிற்கும் நேரமாகப் பார்த்து வந்திருந்தாள். கான்களும் நீலப் பரல்களும் வெயிலில் வரிசையாக நின்றன. அவற்றின் சொந்தக்காரிகள் எதிர்ப்பக்க வேலி நிழலில் நின்றார்கள். பவுசர் கிழமைக்கு ஒரு தரம்தான் வரும். வீட்டுக்கு நாலு கான். அது குடிப்பதற்கு. அதிலும் வீட்டில் சிறுநீரக வருத்தக்காரர் இருந்தால் அவர் குடித்த மிச்சம்தான் மற்றவர்களுக்கு. மீதி எல்லாவற்றுக்கும் கிணறு.

"என்ன புள்ள இது, மருந்துப் போத்தலோ?" ஸாஜிதா மூடியைத் திறந்து மணந்து பார்த்தாள்.

"தண்ணி எடுக்க, சாச்சி. உங்கட கிணத்துத் தண்ணி. நாளைக்கு விடியச் சுபஹு தொழுதிட்டு, முதல் அள்ளுற வாளியில இருந்து நிரப்பி வையுங்கோ. நாங்க வானில வந்து எடுப்பம்."

"எங்கட தண்ணிய உங்கட மெசினுக்க விட்டா மெசினுக்கும் கிட்னி போயிடும் மகள்."

பெண்கள் சிரித்தார்கள். ஹாலிதாவும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். ஷிஹானா அவளுடைய கணவன் முஹ்ஸினின் தங்கை மகள். தங்கையின் குடும்பம் இடம்பெயர்ந்துபோன புத்தளத்திலேயே தங்கிவிட்டது. ஷிஹானா மட்டும் மாமாவோடு திரும்பி வந்து, அந்த வீட்டிலிருந்து படித்து, கருங்காலிமோட்டையிலிருந்து கம்பஸ் போன முதல் ஆளானாள்.

"இது எதுக்கு மகள், உன்ர படிப்புக்கோ?" ஹாலிதா கேட்டாள்.

"ஓம் மாமி. என்ர ஆராய்ச்சி. இதைத்தான் கடைசியில மேடையில நிண்டு சொல்லவேணும்."

அதற்கு மேல் அவள் சொல்லவில்லை. சொல்லக்கூடாது என்று விரிவுரையாளர் கஜேந்தினி மிஸ் சொல்லியிருந்தா. மூன்றாம், நான்காம் வருட மாணவர்கள் ஒரு விரிவுரையாளரின் மேற்பார்வையில் ஆய்வு செய்வதற்குப் பல்கலைக்கழகம் கொடுக்கும் நல்கைக்கு அந்த வருடம் அவர்களுடைய துறையிலிருந்து ஷிஹானாவின் விண்ணப்பம் மட்டும் தெரிவாகியிருந்தது. இரண்டு குடியிருப்புகளின் கிணறுகளில் புளோரைட்டு எவ்வளவு என்று அளந்து ஒப்பிடுவது. ஒன்று கருங்காலிமோட்டை, மற்றது பாலையடிச்சேனை. மேற்பார்வையாளரான கஜேந்தினி குடிநீர்க் குழு ஒன்றிலும் இருந்தா. வெளிநாட்டு உதவியில் ஒரேயொரு வடிகட்டி நிலையம் வர இருந்தது. அதை எந்த ஊரில் கட்டுவது என்பதை இந்த ஆய்வைப் பார்த்துத் தீர்மானிப்பதாகக் குழு ஒத்துக்கொண்டிருந்தது.

"ஊராக்களுக்கு இப்ப ஒண்டும் சொல்லாதேயும்," என்று கஜேந்தினி சொல்லியிருந்தா. "சொன்னா ஆசைப்படுவினம். தண்ணியில உப்பைப் போட்டுத் தாறவையும் இருப்பினம். முடிவு வந்த பிறகு சொல்லுவம்."

பவுசரின் ஹோன் சத்தம் கேட்டதும் பெண்கள் போத்தல்களைச் சீலைத்தலைப்பில் முடிந்துகொண்டு கான்களை நோக்கி ஓடினார்கள்.

மறுநாள் காலை வாடகை வான் ஒவ்வொரு படலையிலும் நின்றது. போத்தல்கள் நிரம்பி, வெளிப்புறம் துடைக்கப்பட்டு, முற்றத்துக் கதிரைகளில் தயாராக இருந்தன. ஒன்றின் கழுத்தில் யாரோ சிவப்பு நூல் கட்டியிருந்தார்கள். ஹாலிதா தன் போத்தலை ஒரு கைக்குட்டையில் சுற்றி வைத்திருந்தாள். வாசலில் முஹ்ஸின் வீங்கிய கால்களை ஒரு முக்காலியில் தூக்கி வைத்துக்கொண்டு இருந்தார். அரிசி ஆலையில் மூட்டை தூக்கியவர். இப்போது கிழமைக்கு இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் படுத்து இரத்தம் சுத்திகரித்துக்கொண்டு வருகிறார்.

"மகள், இந்தத் தண்ணியைப் பாத்து என்ன செய்வீங்க?" என்று கேட்டார்.

"அளப்பம் மாமா."

அவர் ஹாலிதாவைப் பார்த்தார். ஹாலிதா, "நேரம் போகுது, அவங்க வானைப் பிடிச்சு வைச்சிருக்காங்க," என்று போத்தலை ஷிஹானாவின் கையில் வைத்தாள்.

ஆய்வுகூடத்தில் ஒவ்வொரு தண்ணீரிலும் சிவப்புச் சாயம் ஒன்றைக் கலந்தார்கள். புளோரைட்டு கூடக்கூட அந்தச் சிவப்பு வெளிறும். பாலையடிச்சேனைத் தண்ணீர் இருந்த சோதனைக் குழாய்கள் ஒன்றன்பின் ஒன்றாக வெளிறின. கருங்காலிமோட்டைக் குழாய்கள் சிவப்பாகவே நின்றன. ஷிஹானா கலவையைத் திரும்பச் செய்தாள். கருவியைத் துடைத்துத் திரும்ப வைத்தாள். அப்படியேதான் நின்றன.

"மிஸ், எங்கட வீட்டில கேத்திலுக்குள்ள வெள்ளையா ஓடு கட்டும். மாமி சுத்தியலால தட்டித்தான் எடுக்கிறவா."

கஜேந்தினி அளவுகளை நெடுநேரம் பார்த்தா. பிறகு நில வரைபடத்தை விரித்து, "குளத்துக்குக் கீழ்ப்பக்கம் இருக்கிற ஊரெல்லே," என்றா. "போன மாரி பெரிய மழை. குளத்து ஊற்று வந்து கலந்து புளோரைட்டை ஐதாக்கியிருக்கலாம். ஒண்டு ரெண்டு எண்டால் பிழை எண்டு சொல்லலாம். எல்லாக் கிணறும் ஒரே மாதிரிச் சொல்லுது."

"அப்ப எங்கட ஆக்களின்ர வருத்தம்?"

"கிட்னிக்குத் தண்ணி மட்டும் காரணமில்லை, ஷிஹானா. நல்ல செய்தி எண்டு எடும்."

குழுவின் கூட்டம் ஒக்டோபர் கடைசியில் இருந்தது. கஜேந்தினி முடிவுகளின் சுருக்கத்தை முன்கூட்டியே அனுப்பிவைத்தா. பல்கலைக்கழகத்தின் இளமாணி மாணவர் ஆய்வரங்கில் ஷிஹானா குளத்து ஊற்று ஐதாக்குவதைப் பற்றி ஒரு வரைபடத்தைக் காட்டிப் பேசினாள். நடுவர்கள் கேட்ட கேள்விகளுக்குத் தடுமாறாமல் பதில் சொன்னாள். இரண்டாம் பரிசு கிடைத்தது. மேடையில் கஜேந்தினியோடு நின்று எடுத்த படத்தை மாமியின் போனுக்கு அனுப்பினாள். "மாஷா அல்லாஹ்" என்று குரல் பதிவு வந்தது. பின்னால் ஸாஜிதா, "எங்கட தண்ணியால வந்த பரிசு எண்டு சொல்லு அவளுக்கு," என்று கத்துவதும் கேட்டது.

கூட்டம் முடிந்த பிறகு வந்த வெள்ளிக்கிழமை ஷிஹானா பஸ் ஏறிக் கருங்காலிமோட்டைக்குப் போனாள். வடிகட்டி நிலையம் பாலையடிச்சேனைக்குத் தீர்மானமாகியிருந்தது. அதைச் சொல்லத் தேவையில்லை. எதிர்பார்க்காதவர்களுக்கு இழப்பு இல்லை என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு போனாள். மற்றச் செய்தியைச் சொல்ல வேண்டியிருந்தது.

ஹாலிதா குசினியில் சாப்பாட்டுக் கடைக்குக் கொடுக்கும் இடியப்பத்துக்கு மாக் குழைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஸாஜிதா தட்டுகளுக்கு எண்ணெய் பூசினாள்.

"வா டொக்டர் அம்மா," என்றாள் ஸாஜிதா. "பரிசுக்கு எங்களுக்கு வட்டிலப்பம் இல்லையோ?"

"சாச்சி, மாமி, ரெண்டு பேரும் கேளுங்கோ. இனிப் பவுசருக்கு வெயிலில நிக்கத் தேவையில்லை. எங்கட கிணத்துத் தண்ணி நல்லதாம். குடிக்கலாமாம். நான்தான் அளந்தனான்."

ஹாலிதாவின் கை மாவுக்குள் நின்றது.

"எந்தத் தண்ணி?" என்றாள்.

"நீங்க போத்தலில தந்த தண்ணி."

ஸாஜிதா சிரிக்கத் தொடங்கி, ஹாலிதாவின் முகத்தைப் பார்த்து நிறுத்தினாள். அடுப்பில் தண்ணீர் கொதித்து மூடி தட்டியது. ஹாலிதா எழுந்து மூடியை எடுத்து வைத்தாள். மாப் பிடித்த கையோடு திரும்பி நின்றாள்.

"அது கிணத்துத் தண்ணி இல்ல மகள்."

"என்ன மாமி?"

"பவுசர்த் தண்ணி."

ஷிஹானா ஸாஜிதாவைப் பார்த்தாள்.

"நானும் அதைத்தான் விட்டனான்," என்றாள் ஸாஜிதா. "எல்லாரும்தான். அண்டைக்குப் பவுசரில நிண்டு கதைச்சுத்தான் செஞ்சனாங்க."

"ஏன் சாச்சி? கிணத்துத் தண்ணி எண்டு எத்தனை தரம் சொன்னனான்!"

"சொன்னனீதான். ஆனா எப்பிடிப் புள்ள?" ஹாலிதாவின் குரல் இறங்கியது. "கம்பசில பெரிய பெரிய ஆக்கள் இருந்து பாப்பாங்க. போத்தலில உன்ர பேர் ஒட்டியிருக்கு. வீட்டுக்கு வந்த ஆளுக்கே அந்தத் தண்ணியைக் குடுக்கமாட்டம். உன்ர கையில குடுத்து விடுறதோ? அழுக்குத் தண்ணியோட வந்திருக்கிறாள், இவளின்ர ஊர் இதுதான் எண்டு உனக்கு மார்க்ஸைக் குறைச்சுப் போட்டாங்களெண்டா? நான் துஆ ஓதி ஓதித்தான் ஊத்தினன்."

ஷிஹானா குசினி நிலத்தில் இருந்துவிட்டாள்.

"அந்தச் சனி எனக்குப் பவுசரில கிடைக்கேல்ல," என்றாள் ஸாஜிதா. "என்ர முறை வரத் தண்ணி முடிஞ்சுது. உன்ர மாமிதான் தந்தவ. எனக்கு மட்டுமில்ல, கடைசியில நிண்ட எல்லாருக்கும்."

"எதில இருந்து?"

வாசலில் இருந்து முஹ்ஸினின் குரல் வந்தது.

"என்ர கானில இருந்துதான். அந்தக் கிழமை நான் கிணத்துத் தண்ணிதான் குடிச்சனான். பரவாயில்ல மகள். அதுக்கு உனக்குப் பரிசு கிடைச்சுதுதானே."

அப்போதுதான் ஷிஹானா வடிகட்டி நிலையத்தைப் பற்றிச் சொன்னாள். சொல்லி முடிக்கும் வரைக்கும் ஹாலிதா அசையவில்லை. பிறகு, "நீ ஏன் மகள் அதை அண்டைக்கே சொல்லேல்ல?" என்று மட்டும் கேட்டாள். ஹாலிதா கையைக் கழுவப் பின்பக்கம் போனாள். நெடுநேரம் திரும்பி வரவில்லை. ஸாஜிதாதான் மிச்ச மாவை இடியப்ப உரலில் போட்டுப் பிழிந்தாள். கடைக்காரனின் ஓட்டோ வரும் நேரமாகியிருந்தது.

புறப்பட முன்பு ஷிஹானா தானே வாளியை விட்டுக் கிணற்றில் அள்ளி, ஒரு போத்தலை நிரப்பினாள்.

திங்கட்கிழமை கஜேந்தினி எல்லாவற்றையும் கேட்டா. கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, முகத்தைக் கைகளால் பொத்திக்கொண்டு இருந்தா.

"நான்தான் சொல்லவேண்டாம் எண்டனான்," என்றா.

ஆய்வுகூடத்தில் சாயம் ஒரு தடவைக்குத்தான் மிச்சம் இருந்தது. கிணற்றுத் தண்ணீரில் அதை விட்டதும் சிவப்பு போய்விட்டது. பாலையடிச்சேனைக் குழாய்கள் எதுவும் அவ்வளவுக்கு வெளிறியிருக்கவில்லை.

"திரும்ப எல்லாக் கிணறும் எடுப்பம் மிஸ். வான் தேவையில்லை. நான் பஸ்ஸில போய்க் கொண்டு வாறன்."

"எதால அளக்கிறது? நல்கைக் கணக்கு முடிச்சு மூடியாச்சு. புதுசா விண்ணப்பிக்கலாம். ஆனா அடுத்த நல்கை வரேக்க நீர் மாணவி இல்லை. பட்டம் எடுத்த ஆளுக்கு இது குடுக்கமாட்டினம்."

"அப்ப நீங்கள் குழுவுக்குச் சொல்லுங்கோ."

"சொன்னால் உம்மட ஆய்வும் போகும். பரிசும் போகும். தெரியுமோ?"

"போகட்டும் மிஸ்."

கஜேந்தினி அன்றே கடிதம் எழுதினா. ஆய்வைத் திரும்பப் பெறுவதாகவும், மாதிரி எடுப்பில் பிழை தன்னுடையது என்றும் எழுதி, ஒற்றைக் கிணற்றின் அளவையும் சேர்த்து அனுப்பினா. தொலைபேசியிலும் பேசினா. ஷிஹானா அறையின் வாசலில் நின்றாள். கதவு திறந்துதான் இருந்தது.

"ஓம் சேர்... விளங்குது சேர்... ஒரு கிணறு ஒரு ஊரைக் காட்டாதுதான். ஆனா அந்த ஊரில எத்தனை பேர் இரத்தம் சுத்திகரிக்கினம் எண்டு... ஓம்... டெண்டர் குடுத்தாச்சோ?... சரி சேர்."

அவ போனை வைத்த பிறகும் ஷிஹானா உள்ளே போகவில்லை.

ஆய்வரங்கின் பரிசு மீளப் பெறப்பட்டது. ஷிஹானாவுக்கு ஆய்வுப் பாடத்தில் குறைந்தபட்சச் சித்திப் புள்ளி கிடைத்தது. பாலையடிச்சேனையில் அத்திவாரம் வெட்டினார்கள். பாலையடிச்சேனையிலும் வருத்தக்காரர்கள் இருந்தார்கள்; அவர்கள் பள்ளிக்கூட மண்டபத்தில் பால் காய்ச்சினார்கள்.

2024 ஜனவரியில் பவுசர் ஓடும் ஊர்களின் பட்டியல் திருத்தப்பட்டது. கஜேந்தினியின் கடிதம் கோப்பில் இருந்தது. ஓகஸ்ட் மாத அளவுகளும் அதே கோப்பில் இருந்தன. குடிக்கத்தக்க கிணற்று நீர் உள்ள குடியிருப்பு என்ற வகையில் கருங்காலிமோட்டை சேர்க்கப்பட்டு, பவுசர் வேறு ஊருக்கு அனுப்பப்பட்டது. அதை யாரும் வந்து சொல்லவில்லை. சனிக்கிழமை பெண்கள் பள்ளிவாசல் சந்தியில் நண்பகல் லுஹர் பாங்கு சொல்லும் வரை நின்றார்கள். பிறகு வெறும் கான்களைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள்.

முஹ்ஸின் அன்று கிணற்றுத் தண்ணீரில் மாத்திரை குடித்தார்.