தலை இடிக்கிற வாசல்

"சாய்ச்சுப் பிடிங்கப்பா... இன்னும் கொஞ்சம்... யோவ், கல்லுல ஒரசுது!"

ஐஸ் பெட்டி கல்வீட்டு வாசலில் மாட்டிக்கொண்டு, உள்ளேயும் போகாமல் வெளியேயும் வராமல் நின்றது. நாலு விரற்கடை இடம் போதவில்லை. விடிகாலையில் தூக்கத்திலேயே போய்விட்ட பால்பாண்டி, உள்ளே கட்டிலில் ஒன்றும் அறியாதவர்போலப் படுத்திருந்தார். துபாயிலிருந்து மகன் சிவபாண்டி மறுநாள்தான் வந்து சேருவான். அதுவரை பெட்டி வேண்டும்.

"கடப்பாரைய எடுத்தாங்கடா. பக்கத்துக் கல்ல ரெண்டு தட்டுத் தட்டி எடுத்துருவோம்" என்றான் செல்லக்கிளியின் தம்பி அழகுபாண்டி.

கணவரின் தலைமாட்டில் அழுதுகொண்டிருந்த செல்லக்கிளி, அப்படியே எழுந்து வந்தாள். "கைய வச்சுப் பாரு. ஒனக்கும் ஒரு பெட்டி சொல்லிருவேன். பெட்டிய பந்தல்லயே வைங்க, அவர வெளிய தூக்கியாருவோம்."

வாடிப்பட்டிச் சுற்றுவட்டாரத்தில் மிஞ்சி நிற்கிற பழைய கருங்கல் வீடு அது ஒன்றுதான். ஒரு காலத்தில் கணக்குப்பிள்ளை வீடு. அதற்குக் கல் சுமந்தவர் பால்பாண்டியின் தாத்தா. கட்டி முடித்த பிறகு அவரை வாசலோடு நிறுத்திவிட்டார்கள். பேரன் லாரி ஓட்டிச் சம்பாதித்து அதையே விலைக்கு வாங்கினார். "இடிச்சுட்டு மாடி கட்டுங்கண்ணே" என்று எத்தனையோ பேர் சொல்லிப் பார்த்தார்கள். மனுசன் அசையவில்லை. ஆபீஸ் ஆபீஸாக அலைந்து, பாதுகாக்க வேண்டிய பழைய கட்டடங்களில் ஒன்றாகச் சேர்க்க வைத்துவிட்டார். அடுத்த வாரம் வாசலில் பலகை வைப்பதாகப் பேச்சு. ஒரு கல்லை உடைத்தாலும் அம்புட்டுதான், எல்லாம் போச்சு.

அப்பேர்ப்பட்ட வீடு அவரைத் தினமும் இடித்தது. ஆள் பனைமர உயரம், வாசலோ குட்டை. நுழையும்போதெல்லாம் மேல்கல்லில் முட்டிக்கொண்டு, "ஒன்ன ஒருநா ஒடைக்காம விட மாட்டேன்டா" என்று அதோடு சண்டை போடுவார். தலை எண்ணெய் ஏறி ஏறி அந்த இடமே கறுத்து மினுங்கியது. செல்லக்கிளி எந்த வேலையில் இருந்தாலும், அவர் செருப்புச் சத்தம் கேட்டால் "தல, தல!" என்று குரல் கொடுப்பாள். மனுசன் ஒருநாளும் கேட்டதில்லை.

"அதுக்குன்னு, தாத்தன் நின்ன வாசல்லயே மச்சானையும் போடணுமாக்கா?" என்றான் அழகுபாண்டி.

செல்லக்கிளிக்கும் அது சுருக்கென்று தைத்தது.

"அவரு வெளியவே நின்னாரு. இவரு உள்ள ராசாவா வாழ்ந்துட்டுல்ல வெளிய வாராரு. ரெண்டும் ஒண்ணாடா? தூக்குங்க."

பெட்டியைப் பிடுங்கிப் பந்தலில் வைத்தார்கள். நாலு பேர் பால்பாண்டியைத் தூக்கினார்கள். வாசலை நெருங்கியதும் செல்லக்கிளியை அறியாமல் வாயில் வந்துவிட்டது: "தல, தல!"

தூக்கியவர்கள் திகைத்து நின்றார்கள். கொட்டுக்காரரின் கையும் நின்றது. முதலில் சிரித்தவள் அவள்தான். பிறகு அழகுபாண்டி, பிறகு பந்தல் முழுக்க. சிரித்துக்கொண்டே மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். அந்த வாசலில் முதல்முறையாக இடிக்காமல் பால்பாண்டி வெளியே போனார்.

பழைய கட்டட ஆபீஸிலிருந்து மாலையோடு வந்திருந்த சரண்யாதேவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். போன வாரம் மேல்கல்லின் அந்த எண்ணெய்க் கறையைத் தேய்த்து எடுக்க வந்து, இருட்டிவிட்டதால் பிரஷ்ஷை மாடத்திலேயே வைத்துவிட்டுப் போன பெண்.

"பலகை எப்ப ஆத்தா வரும்?" என்று கேட்டாள் செல்லக்கிளி.

"சொன்ன நாள்ல வந்துரும்மா."

செல்லக்கிளி மேல்கல்லை நிமிர்ந்து பார்த்தாள்.

சரண்யாதேவியும் பார்த்தாள். மாடத்திலிருந்த பிரஷ்ஷை எடுத்துக் கைப்பைக்குள் போட்டு, ஜிப்பை இழுத்து மூடினாள்.